தெருப்பக்கத்து அறை

கதவைச் சாத்தாதேங்கோ தம்பி, திறந்தபடி கிடக்கட்டும். கார்ச் சத்தம் கேக்கவேணும். அந்த ஜெர்மன் மனிசி ரயிலாலை இறங்கி ஸ்டேசனிலை டாக்ஸி பிடிச்சு வாறாவெண்டு மாதா கோயில் சுவாமியார் சொன்னவர். இப்ப வந்தாலும் வரலாம், கொஞ்ச நேரம் செல்லவும் கூடும். நீங்கள் அந்தக் கதிரையிலை இருங்கோ. தேத்தண்ணியைக் குடியுங்கோ.

நான் சொன்னது ஞாபகமிருக்கெல்லோ? மழை. கூரை ஒழுகி, தண்ணி உள்ளுக்கை வந்து, கட்டில் தலகணி எல்லாம் ஊறிப் பழுதாப் போச்சு. அவ்வளவுதான். அதுக்கு மேலை ஒரு சொல்லும் வேண்டாம். அந்த மனிசி ஜெர்மன்லை கேப்பா, நீங்கள் ஜெர்மன்லை மழை எண்டு சொல்லுவியள். முடிஞ்சுது.

பக்கத்து வீட்டுக் கிழவருக்கு ஜெர்மன் தண்ணி பட்ட பாடு. ஆனால் அவரைக் கூப்பிட்டால் பின்னேரத்துக்கிடையிலை ஊர் முழுக்கக் கதை போயிடும். அதுதான் வியன்னாவிலை தமிழ்க்கடை வைச்சிருக்கிற அண்ணையிட்டை உங்கடை நம்பரை வாங்கினனான். படிக்கிற பிள்ளையை இவ்வளவு தூரம் அலைக்கழிச்சுப் போட்டன், குறை நினைக்காதேங்கோ. பேர் நஸ்மி எண்டெல்லோ சொன்னனீங்கள்? ஊர் புத்தளம். ஆனால் கதைக்கிறது அச்சொட்டா யாழ்ப்பாணக் கதை! அம்மா யாழ்ப்பாணமோ? அதுதானே பாத்தன். அப்ப எங்கடை ஆள்தான். இஞ்சை ஹலால் கோழி இல்லை, உங்களுக்குச் சரிவராதெண்டு மீன் காய்ச்சி வைச்சிருக்கிறன். இஞ்சத்தைக் குளத்து மீன், கொஞ்சம் சேத்து மணம் அடிக்கும், அதுக்குப் புளியைக் கூடப் போட்டிருக்கிறன். அவ வந்து போகட்டும், ஆறுதலாயிருந்து சாப்பிடுவம்.

கேட்டுதோ? இல்லை, அது பால்காரன்ரை வான்.

 ஒரு கிழவிக்குப் பயந்து இப்பிடி வாசலைப் பாத்துக்கொண்டு நிக்கிறன். சரி, முழுக்கச் சொல்லிப்போடுறன், நீங்கள் ஒண்டுந் தெரியாமல் போய் வாயைக் குடுத்துப்போடக் கூடாது.

வீட்டைப் பாத்தனீங்கள்தானே. இந்த ஹங்கேரிக்காரரின்ரை பழைய வீடெல்லாம் இப்பிடித்தான், நீட்டு வீடு. தெருவுக்கு ஒரு அறைதான் முகம் காட்டும். அதுக்குப் பின்னாலை குசினி, அதுக்குப் பின்னாலை நாங்கள் படுக்கிற அறை, பிறகு சாமான் அறை, ஆகக் கடைசியிலை, அந்தா தெரியுது, வெய்யில் காலத்துச் சமையலுக்கெண்டு ஒரு சின்னக் குசினி. அதுக்கு ஒழுங்கான சுவருமில்லை, பனிக்காலத்திலை கை விறைக்கும்.

இதிலை தெருப்பக்கத்து அறையை ஆரும் பாவிக்கமாட்டினம். எல்லா வீட்டிலையும் முந்தி அப்பிடித்தானாம். சுவாமியார் வந்தால் இருத்துவினம், ஆரும் செத்தால் கிடத்துவினம். மற்றப்படி பூட்டுத்தான். அதுக்குள்ளை ஒரு கட்டில், கட்டிலிலை முகடு முட்டத் தலகணி. பொம்பிளை கொண்டந்த சீதனமாம். ஒருத்தரும் தலை வைக்கிறதில்லை. சும்மா பாக்கிறதுக்கு!

நான் இந்த வீட்டுக்கு வந்தது எப்பிடியெண்டு கேக்கமாட்டீங்களோ? ஏஜென்சிக்காரன் ஜெர்மனி எண்டுதான் காசு வாங்கினவன். கொண்டந்து ஒரு காட்டுக்கரையிலை இறக்கிவிட்டிட்டு, இதுதான் ஜெர்மனி எண்டு சொல்லிப்போட்டுப் போட்டான். பொலிஸ் பிடிச்சாப் பிறகுதான் ஹங்கேரி எண்டு தெரிஞ்சுது. முகாம் இருந்து, அதுக்குப் பிறகு கோழித் தொழிற்சாலையிலை இறகு பிடுங்கினன். அங்கை லொறி ஓடின பாலின்ட்டைத்தான் கட்டினனான். நல்ல மனிசன், பாவம், பேச்சுக் குறைவு. இண்டைக்கும் லொறி கொண்டு இத்தாலிக்குப் போட்டார். நிக்கச் சொன்னனான். நிண்டால் தாய்க்கும் எனக்கும் நடுவிலை நிக்கவேணுமெல்லோ, அதுதான் போட்டார்.

தாயின்ரை பேர் மர்கித். நான் மாமி எண்டுதான் கூப்பிடுறது, அவவுக்கும் அது பழகிப்போச்சு. கெட்டவ எண்டு சொல்லமாட்டன். எனக்குப் பாசை பழக்கினவ, மகன் பிறக்கேக்கை பத்தியம் பாத்தவ. ஆனால் அந்த அறை எண்டால் கல்லு. பிள்ளை வளந்திட்டான் மாமி, ஒரு அறை வேணும், அந்தத் தலகணியளைத் தூக்கி அங்காலை வைப்பம் எண்டு நான் கேக்காத வருசமில்லை. 'இல்லை.' அவ்வளவுதான் மறுமொழி. என்ரை பிள்ளை குசினி வாங்குப் பலகையிலை படுக்குது, தலகணி கட்டிலிலை படுக்குது. உங்கடை அம்மா எண்டால் சும்மா விட்டிருப்பாவோ? சொல்லுங்கோ பாப்பம்.

வீடெண்டால் எனக்குப் பயம் தம்பி. அதைச் சொல்லத்தான் வேணும். எங்கடை ஊர் வசாவிளான். நான் சின்னப்பிள்ளையா இருக்கேக்கை ஆமி வந்தது, உலையிலை அரிசி கொதிக்கக் கொதிக்க விட்டிட்டு ஓடினனாங்கள். கல்வீடு. அப்பா கொழும்பிலை கடைச்சிப்பந்தியா நிண்டு உழைச்சுக் கட்டினது. அதுக்குப் பிறகு அந்தப் பக்கம் போகவே விடேல்லை. எங்கடை மாமரத்திலை ஆரோ ஒருத்தன் ஏறி மாங்காய் புடுங்கித் திண்டிருப்பானெல்லோ? அதை நினைக்க இப்பவும் நெஞ்சு பத்தும். மற்றாக்களின்ரை வீட்டிலை இருந்துகொண்டு எப்பிடித்தான் நித்திரை வருமோ எண்டு நான் யோசிக்கிறனான்.

பிறகென்ன, யாழ்ப்பாண ரவுணுக்கு வந்து ஒரு வீட்டிலை இருந்தனாங்கள். நல்ல வீடு. சும்மா கிடந்த வீடு. இடம்பெயர்ந்து வந்தவைக்கெண்டு விட்டது. கிணத்தடியிலை மாதுளையெல்லாம் நிண்டது.

சரி, அது வேறை கதை. நான் இந்த வீட்டைச் சொல்லவந்தனான்.

இந்த ஊர் முந்தி முழுக்க ஜெர்மன்காரராம். எத்தினையோ தலைமுறையாக் குடியிருந்து தோட்டஞ் செய்தவை. ஹிட்லரின்ரை பெரிய சண்டை முடிஞ்ச பிறகு அவையை நாட்டை விட்டுப் போகச் சொல்லி அரசாங்கம் சொல்லிப்போட்டுது. அதே நேரம் எல்லைக்கு அங்காலை, இப்ப ஸ்லோவாக்கியா எண்டுற பக்கத்திலை இருந்த ஹங்கேரிக்காரரை அந்த நாட்டு அரசாங்கம் கலைச்சது. மாமியவை அப்பிடிக் கலைபட்டு, ஒரு மாட்டோடையும் ஒரு அலுமாரியோடையும் ரயிலிலை வந்த ஆக்கள். வந்தவைக்குக் குடுத்தது போகப்போறவையின்ரை வீடு. இந்த வீடு.

பிழை என்னெண்டால், இவை வந்திட்டினம், அவை இன்னும் போகேல்லை. அவையை ஏத்திற ரயில் வரப் பிந்திப்போச்சு. ஒரு பனிக்காலம் முழுக்க இரண்டு குடும்பமும் ஒரே வீட்டிலை. வந்தவை முன்பக்கத்திலை, வீட்டுக்காரர் பின்குசினியிலை. யோசிச்சுப் பாருங்கோ. தன்ரை வீட்டிலை தண்ணி எடுக்கத் தான் போய்க் கேக்கிறது! அந்த வீட்டுக்கார மனிசிக்கு ஒரு மகள், ரோஸி. எங்கடை மாமியின்ரை வயதுதான், ஒம்பதோ பத்தோ. பெரியாக்கள் மூஞ்சையைத் திருப்பிக்கொண்டு திரிய, இதுகள் இரண்டும் ஒண்டாக் கோழிக்குத் தீன் போட்டு விளையாடினதுகளாம். ஒண்டின்ரை பாசை மற்றதுக்குத் தெரியாது.

பனி கரைய ரயில் வந்திட்டுது. வாசலிலை பொலிஸ் நிண்டு கத்துது. ரோஸியின்ரை தாய் மூட்டை கட்டுறதை விட்டிட்டு, நேரை தெருப்பக்கத்து அறைக்குப் போய், தோய்ச்ச உறை மாத்தி, தலகணியளை முகடு முட்ட அடுக்கி, மேலை துணியை விரிச்சு, சுருக்கமெடுத்துத் தடவி விட்டவவாம். பிறகு மாமியின்ரை அம்மாவின்ரை கையைப் பிடிச்சு, இதிலை ஒருத்தரையும் படுக்க விடாதை, நாங்கள் வருவம் எண்டு கையாலை காட்டிக் காட்டிச் சொன்னவவாம். மாமியின்ரை அம்மா ஓம் எண்டு தலையாட்டிப் போட்டா. அவவும் தன்ரை வீட்டிலை கட்டிலை விரிச்சு விட்டிட்டு வந்தவதானே.

அவை வரேல்லை. இவை விடேல்லை. தாய் செத்து, மாமி அந்தச் சொல்லைக் காத்தா. எழுபது வருசம் ஆகப்போகுது தம்பி! இதே வீட்டிலை பிள்ளைப்பெறு நடந்திருக்கு, குசினித் தரையிலை. மாமியின்ரை மனிசன் இழுத்துக்கொண்டு கிடந்தது சாமான் அறையிலை. அந்தக் கட்டிலை ஒருத்தரும் தொடேல்லை.

இதை எனக்கு முந்தி ஆராவது சொன்னவையோ? அதைக் கேளுங்கோ! நான் ஊர் வழக்கமெண்டு நினைச்சன். எல்லா வீட்டிலையும் தலகணி அடுக்கியிருந்தால் நான் என்னெண்டு நினைக்கிறது? மற்ற வீட்டுக்காரரெல்லாம் எப்பவோ எடுத்தெறிஞ்சு போட்டு அந்த அறையிலை டிவி பாக்கினம். எங்கடை மாமி மட்டும் பழசைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு கிடக்கிறா எண்டு நினைச்சன். சொன்னால்தானே தெரியும்.

பனிக்காலம் முடியேக்கை மாமி விழுந்து இடுப்பு முறிஞ்சு ஆஸ்பத்திரியிலை கிடந்தவ. இதுதான் சமயமெண்டு திறந்தன். தலகணியைத் தட்டினால் பூச்சி. அவ்வளவையும் முத்தத்திலை போட்டுக் கொளுத்தினன். இறகு எரியிற மணம் எனக்குப் புதிசோ? கட்டிலைப் பழஞ்சாமான்காரன் ஏத்திக்கொண்டு போனான். சுவருக்கு மஞ்சள் அடிச்சு, பெட்டியிலை வந்து பூட்டுற புதுக் கட்டில் வாங்கிப் போட்டன். மகன் ஹொஸ்டலாலை வந்தால் படுக்கலாம், மற்ற நேரம் சைக்கிளிலை வாற வெள்ளையளுக்கு வாடகைக்கு விடலாம். கெட்டித்தனமில்லையோ? பாலின்ட் வந்து பாத்திட்டு முகம் வெளுறி நிண்டார். அப்பதான் இந்தக் கதை முழுக்கச் சொன்னார். எல்லாம் சாம்பலான பிறகு!

மாமி வந்தா. தடியை ஊண்டிக்கொண்டு வந்து வாசலிலை நிண்டு பாத்தா. பேசியிருந்தால் நானும் இரண்டு சொல்லிட்டு ஆறியிருப்பன். ஒரு சொல்லில்லை. தன்ரை உடுப்புப் பையை எடுத்துக்கொண்டு பின்குசினிக்குப் போனா. அண்டையிலயிருந்து அங்கைதான் படுக்கை. சாப்பாடு கொண்டுபோய் வைச்சால் சாப்பிடுறா, முகத்தைப் பாக்கிறதில்லை. ஊரிலை எனக்கென்ன பேர் எண்டு நினைக்கிறீங்கள்? கறுப்பி வந்து கிழவியைக் கலைச்சுப்போட்டாள். நான் கலைச்சனானோ? அவவாய்ப் போனவ!

அதோடை விட்டுதோ? போன கிழமை கோயிலிலை சுவாமியார் சொன்னார், ரோஸி போன் எடுத்தவவாம், உயிரோடைதான் இருக்கிறாவாம், பிறந்த வீட்டை ஒருக்காப் பாக்க வாறாவாம். மாமி அதைக் கேட்டிட்டு வந்து, அத்தினை நாளைக்குப் பிறகு முதன்முதலா வாயைத் திறந்தா. 'இந்த வீட்டை நாங்கள் பாத்துக்கொண்டுதான் இருந்தனாங்கள். ரோஸி வந்து பாக்கட்டும். இதிலை ஆர் இருக்கிறதெண்டு அவள் சொல்லட்டும். அவள் சொல்லுறபடி வீட்டை எழுதுவன்.'

பாலின்ட் சிரிக்கிறார், அம்மாவுக்குக் கோவமாம். எனக்குச் சிரிப்பு வரேல்லை. வீடு மாமியின்ரை பேரிலை. எழுபது வருசம் தலகணி காத்த மனிசி, சொன்னால் செய்வா. அந்த ஜெர்மன்காரி வந்து, எங்கை என்ரை அம்மா விரிச்ச கட்டில் எண்டு கேட்டு, எரிச்சது இவள் எண்டு தெரிஞ்சால், என்னை இருக்கச் சொல்லுவாவோ? சொல்லுங்கோ. நான் இன்னொருக்கா மூட்டை தூக்கமாட்டன் தம்பி. ஏலாது. செத்தாலும் இந்த வீட்டிலைதான் சாவன்.

அதுதான் மழை. மழையை ஆரும் குறை சொல்லேலாது.

ஏன் தேத்தண்ணியைத் தள்ளி வைச்சிட்டியள்? பொய் சொல்லச் சொல்லுறனெண்டோ? ஆருக்கும் நட்டமில்லாத பொய்தானே.

என்ன? யாழ்ப்பாணத்திலை எந்த இடத்திலை இருந்தனாங்கள் எண்டோ? அதை ஏன் இப்ப கேக்கிறீங்கள்? சோனகத் தெருப் பக்கம். உங்கடை அம்மாவும் அங்கையோ! பாருங்கோவன், உலகம் எவ்வளவு சின்னன். எந்த வீடெண்டோ... எனக்கு எப்பிடித் தெரியும், நம்பர் ஒண்டும் ஞாபகமில்லை. ஆரின்ரை வீடெண்டு நாங்கள் கேக்கேல்லைத் தம்பி. ஆரிட்டைக் கேக்கிறது, கேக்கிறதுக்கு அங்கை ஆர் இருந்தது? தெரு முழுக்க வெறிச்செண்டு கிடந்தது. அந்த வருசம் முஸ்லிம் ஆக்களை இயக்கம் போகச் சொன்னதெல்லோ. உங்களுக்குத் தெரியாதே, நீங்கள் பிறந்திருக்கமாட்டீங்கள். அதெல்லாம் ஒரு காலம்.

உஷ். கார். கார்தான். எழும்புங்கோ தம்பி, எழும்புங்கோ. மழை.

சின்ன மனிசிதான், என்ன? நான் பெரிய ஆளெண்டு நினைச்சன். வணக்கம் சொல்லுங்கோ. வரச் சொல்லுங்கோ. படி உயரம், பாத்து எண்டு சொல்லுங்கோ. ஐயோ, மாமியும் வாறா! பின்னாலை நிக்கிறா பாருங்கோ, கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு, கோயிலுக்குப் போற மாதிரி.

இரண்டும் ஒண்டையொண்டு பாத்துக்கொண்டு நிக்குதுகள். கட்டிப்பிடிக்கவுமில்லை. அடையாளம் தெரியேல்லைப் போலை.

வாங்கோ, உள்ளுக்கை வாங்கோ. இதுதான் அந்த அறை எண்டு சொல்லுங்கோ. ஜன்னலைத் திறந்துதான் வைச்சிருக்கிறன். சொல்லுங்கோ தம்பி, கூரையைக் காட்டிச் சொல்லுங்கோ.

பொறுங்கோ, மாமி ஹங்கேரிப் பாசையிலை கதைக்கிறா.

மாமி என்ன சொல்லுறாவெண்டோ? மாமி... மழை எண்டு சொல்லுறா. ஓம். நீளமாத்தான் சொன்னவ, வயது போனவை நீளமாத்தானே கதைப்பினம். என்னை ஏன் விரலாலை காட்டினவ எண்டோ? அது... நான்தான் மழைத்தண்ணியை அள்ளி வெளியிலை ஊத்தினனான், வலு கஸ்ரப்பட்டனான் எண்டு சொல்லுறா. அழுறது கவலையிலை. தாயின்ரை ஞாபகம் வந்திருக்கும். நீங்கள் அதை விடுங்கோ, மழையைச் சொல்லுங்கோ.

சொல்லுங்கோவன்.

அப்பாடா. ஓம், அப்பிடித்தான், சொல்லுங்கோ...

மழைக்கு இவ்வளவு நேரமோ தம்பி? என்ன சொல்லிக்கொண்டு போறீங்கள்? ஏன் அவ என்னைப் பாக்கிறா? நஸ்மி! நிப்பாட்டுங்கோ. என்ன சொன்னனீங்கள்?

உள்ளதையோ? முழுக்கவோ? எரிச்சதையுமோ?

கடவுளே. உங்களுக்கு நான் என்ன குறை செய்தனான்? பெத்த பிள்ளை மாதிரிக் கூப்பிட்டு இருத்தி, மீன் காய்ச்சி வைச்சு, என்ரை வயித்தெரிச்சலெல்லாம் கொட்டினனே. ஒரு சொல்லுத்தானே கேட்டனான்! என்ரை பிள்ளையை நடுத்தெருவிலை விட்டிட்டியள் தம்பி. நல்லாயிருங்கோ.

ரோஸி கட்டிலிலை இருந்திட்டா. பாருங்கோ, புதுக் கட்டிலிலை போய் இருந்திட்டா. கையாலை அமத்திப் பாக்கிறா. என்ன சொல்லுறா? கெதியாச் சொல்லுங்கோ. என்னைப் போகச் சொல்லுறாவோ?

என்ன, ஞாபகமில்லையோ?

எந்தக் கட்டில் எண்டு கேக்கிறாவோ? திருப்பிக் கேளுங்கோ. தாய் அடுக்கின தலகணி... தாய் ஒருநாளும் அதைப் பத்திக் கதைக்கவேயில்லையோ? சாகும்வரைக்குமோ? இந்த அறைக்குள்ளை தன்னை விடுறதேயில்லை, அதாலை உள்ளுக்கை என்ன கிடந்ததெண்டே தெரியாதாமோ!

பிறகென்ன ஞாபகமாம்? பின்குசினி. குளிர். ஓம், மாமியின்ரை பேர் சொன்னவ, எனக்குக் கேட்டுது. ம். மர்கித் தன்ரை கம்பளிச் சப்பாத்தைக் கழட்டித் தந்தவள், அது எனக்கு இறுக்கம், ஆனாலும் போட்டுக்கொண்டுதான் ரயிலேறினனான் எண்டு... சரி, சரி. வீட்டைப் பத்திக் கேளுங்கோ தம்பி! மாமி கேக்கச் சொல்லுறா. இது மெய்யாவே மாமி கேக்கிறது, சத்தியமா. வீட்டிலை ஆர் இருக்கிறது? அதைக் கேளுங்கோ.

சிரிக்கிறா.

என்ன?

இன்னொருக்காச் சொல்லுங்கோ. ஆர் கூட்டித் துடைக்கினமோ அவையின்ரை வீடாமோ? தனக்கு அங்கை மூண்டாம் மாடியிலை வீடிருக்காம், இதை வைச்சுத் தான் என்ன செய்யிறதாம். கட்டில் நல்ல மெத்தெண்டு இருக்காமோ!

இருங்கோ, இதை நான் மாமிக்குச் சொல்லவேணும். ஒரு சொல்லும் விடாமல் சொல்லவேணும்.

சொல்லிப்போட்டன். அப்பிடியே சொன்னனான், கூட்டவுமில்லைக் குறைக்கவுமில்லை. மாமியின்ரை முகத்தைத்தான் பாக்கேலாமல் இருக்கு. எழுபது வருசம் காத்தவ. அவளுக்கு ஞாபகமில்லை எண்டதையும் சொல்லத்தானே வேணும். பாவம் மனிசி. ஆனால் நான் என்ன செய்யிறது?

போகினம். பின்குசினிக்குப் போகினம் இரண்டு பேரும். கையைப் பிடிச்சுக்கொண்டு. கதவைச் சாத்திப்போட்டினம். பாசை தெரியாமல் என்னத்தைக் கதைக்கப் போகினமோ. விடுங்கோ, இருக்கட்டும்.

தம்பி, நான் பேசினதை மனசிலை வைக்காதேங்கோ. பயத்திலை வந்த சொல்லு. நீங்கள் உள்ளதைச் சொன்னதும் நல்லதுக்குத்தான் போலை. ஐயோ, எனக்கு இப்பதான் மூச்சு வருது. கேட்டனீங்கள்தானே, அவவின்ரை வாயாலையே வந்துது. கூட்டித் துடைக்கிறவைக்குத்தான் வீடு! எங்கடை அப்பாவும் இதைத்தான் சொல்லுவார். யாழ்ப்பாணத்து அந்த வீட்டை நாங்கள் அப்பிடித்தான் வைச்சிருந்தனாங்கள், கண்ணாடி மாதிரி. விட்டிட்டுப் போனவைகூட அப்பிடி வைச்சிருந்திருக்கமாட்டினம்.

என்ன பாக்கிறீங்கள்? ஓ, அந்தப் படமோ. அது நான்தான்! அடையாளம் தெரியேல்லையோ? நான் பெரியபிள்ளையான சாமத்திய வீட்டுக்கு எடுத்தது. அந்த வீட்டிலைதான் நடந்தது. போன மாதந்தான் பெரிசாக்கி இந்த அறையிலை கொழுவினனான், முந்தி இதுக்கு எங்கை இடம்? வடிவில்லையோ? கையிலை காசில்லாத காலம் தம்பி, உடுத்த உடுப்போடை ஓடி வந்தவைக்கு ஏது பட்டுச் சாறி? அந்த வீட்டு அலுமாரியைத் திறந்தால் உள்ளுக்கை அப்பிடியே அடுக்கு. கரும்பச்சையிலை மாம்பழக் கலர்க் கரை, கரை முழுக்க அன்னம். மடிப்புக் குலையேல்லை. அம்மா எடுத்து உதறி என்ரை தோளிலை போட்டுப் பாத்தா. கடவுள் தந்தது பிள்ளை எண்டா. ஊரே கண் வைச்சது.

படமெடுக்கப் போறீங்களோ? எடுங்கோ, எடுங்கோ. ஆருக்கு அனுப்புறீங்கள், அம்மாவுக்கோ? நல்லது, பாக்கட்டும், தன்ரை ஊர் ஆளெண்டு சந்தோசப்படுவா.

அடிக்குது, அவதான்போலை. எடுங்கோவன்.  இஞ்சை தாங்கோ, நான் கதைக்கிறன். யாழ்ப்பாணக் குரல் கேட்டு எவ்வளவு காலம்.

ஹலோ... அக்கா, சுகமாயிருக்கிறியளோ? ஓம், நான்தான், தவமலர். மகன் தங்கமான பிள்ளை அக்கா, பெரிய உதவி செய்தவர்... இல்லை, இனித்தான் சாப்பிடப் போறார், மீன் காய்ச்சினனான்... படமோ? ஓம் அக்கா, நான்தான் அது. சின்னதிலை... எங்கை எடுத்த படமோ? அது... ரவுணிலை. ஓம், யாழ்ப்பாண ரவுணிலைதான்.

சாறியோ?

ஓம்... பச்சைதான்... ஓம், கரையிலை அன்னம்.

... உங்களிட்டையும் இருந்ததோ... கலியாணத்துக்கு எடுத்ததோ...

இல்லை அக்கா. இல்லையில்லை. இது அம்மா எடுத்தது. பெரியகடையிலை எடுத்தவ, நானும் கூடப் போனனான், எனக்கு நல்ல ஞாபகம். இது எங்கடை வீட்டுச் சாறி, அக்கா.